தம்பதியைத் தேடுங்கள்: ஒரு பிரெஞ்சு-கனடியக் குடும்பத்தின் வேர்களைத் தொடர்ந்த அனுபவம்

என் கணவருடைய தாய்வழிப் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் தெஷேன். அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரத்தில், நெசவாலைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா கியூபெக்கிலிருந்து பிழைப்புக்காக வந்தவர் என்பதற்கு மேல் குடும்பத்தில் எவருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. தம் தாயின் முன்னோர் எந்த ஊர்க்காரர்கள் என்பதை அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை என் மாமியாருக்கு முதுமையில் வலுப்பெற்றது. அந்தப் பொறுப்பை அவர் என்னிடம் ஒப்படைத்தார். அதற்குக் காரணம் உண்டு. நான் புதுச்சேரியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி பழைய உரிமைச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று என்பதால், பழைய பிரெஞ்சுக் கையெழுத்தில் எழுதப்பட்ட பிறப்பு, திருமணப் பதிவுகளைச் சிறு வயதிலிருந்தே எங்கள் வீட்டில் பார்த்துப் பழகியிருக்கிறேன்.

அந்தப் பழக்கம் எழுத்தை வாசிக்க உதவியது. ஆனால் கியூபெக் மக்களின் பெயரிடும் வழக்கங்களை அறியாமல் அந்தப் பதிவுகளுக்குள் நடமாட முடியாது என்பதை வேலையில் இறங்கிய பிறகே முழுமையாக உணர்ந்தேன். நம் ஊரிலோ அமெரிக்காவிலோ வேர்களைத் தேடுகிறவர்கள் இயல்பாகக் குடும்பப்பெயரையோ தலைக்கட்டுப் பெயரையோ பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்வார்கள். பிரெஞ்சு-கனடியர்களிடம் மிக எளிதாக அறுந்துபோகிற இழை அந்தக் குடும்பப்பெயர்தான். உறுதியான இழை திருமணம். கணவன் பெயர், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் ஆகிய இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு தம்பதியை ஓர் அலகாகக் கொண்டு தேடுவதுதான் இத்துறையில் பழகியவர்கள் அனைவரும் கைக்கொள்ளும் முறை. நான் இங்கே எழுதுவதெல்லாம் அந்த ஒரு முறையின் விரிவே ஆகும்.

முதல் படி லோவெலில் எடுத்து வைக்கப்பட வேண்டியிருந்தது. 1840 முதல் 1930 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 9 லட்சம் பிரெஞ்சு-கனடியர்கள் கியூபெக்கை விட்டு அமெரிக்காவுக்குச் சென்றார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் லோவெல், மான்செஸ்டர், வூன்சாக்கெட், லூயிஸ்டன் போன்ற ஆலை நகரங்களில் குடியேறினார்கள். நகராட்சி எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி பெயர்களை எழுதினார்கள். பிரெஞ்சில் சொல்லின் தொடக்கத்திலுள்ள ஹகர எழுத்து ஒலிப்பதில்லை, இறுதி மெய்கள் பலவும் ஒலிப்பதில்லை என்பதால், ஆங்கிலக் காதுக்கு எட்டிய ஒலி வேறாகவும் குடும்பத்தார் எழுதும் எழுத்து வேறாகவும் பிரிந்துவிட்டன. சிலர் தாமாகவே பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். புவாவேர் கிரீன்வுட் ஆனார். ருவா கிங் ஆனார். லெபிளாங் வைட் ஆனார். லஜெனெஸ் யங் ஆனார். கூர்த்மாஞ்ஷ் என்ற பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஷார்ட்ஸ்லீவ்ஸ் என்று வைத்துக்கொண்ட குடும்பங்களும் இருக்கின்றன.

ஆகையால் நகராட்சிச் சான்றிதழ்களோடு நின்றுவிடாமல், அந்த மக்கள் வழிபட்ட பிரெஞ்சு மொழிப் பங்கின், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஆலயச் சமூகத்தின், பதிவேட்டைத் தேடிப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கிருந்த குருக்கள் பெரும்பாலும் கியூபெக்கிலிருந்து வந்தவர்கள். பெயர்களை அந்த மண்ணின் வழக்கப்படி எழுதத் தெரிந்தவர்கள். எங்கள் குடும்பத்தின் நகராட்சித் திருமணப் பதிவில் மணமகனின் பெயர் சிதைந்திருந்தது. அவன் தாயின் பெயருக்கு நேரே வெறும் "மேரி" என்று மட்டும் இருந்தது. அதே திருமணத்தின் ஆலயப் பதிவிலோ, பெயர் தெஷேன் என்று தெளிவாக எழுதப்பட்டு, தந்தை பெயரும், தாயின் முழுப்பெயரும், அவர்கள் கமுராஸ்கா பகுதியைச் சேர்ந்தவர்கள் என்ற குறிப்பும் இருந்தன. அந்த ஒரு வரியால் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரைக்கு எங்களுக்குப் பாதை கிடைத்தது. குடிபெயர்ந்தவர் கியூபெக்கிலேயே மணம் முடித்துவிட்டு வந்திருந்தால், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளையும், இறப்பு அறிவிப்புகளையும், அடக்கத் திருப்பலிக்கு அச்சிடப்பட்ட சிறு நினைவு அட்டைகளையும் திரட்டி, கணவன் மனைவி இருவருடைய பிறந்த வீட்டுப் பெயர்களையும் உறுதி செய்துகொண்ட பிறகே எல்லையைக் கடக்க வேண்டும்.

எல்லைக்கு வடக்கே காத்திருக்கும் செல்வம் வியக்கத்தக்கது. கியூபெக்கின் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் 1621இல் தொடங்குகின்றன. 1640இல் கியூபெக் நகர ஆலயம் தீப்பற்றியபோது முதல் பதிவேடுகள் அழிந்தன. அங்கிருந்தவர்களின் நினைவைக் கொண்டு அவற்றை மீண்டும் எழுதினார்கள். 1679 முதல் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் இரண்டு பிரதிகள் எழுதப்பட்டு, ஒன்று ஆலயத்திலும் மற்றொன்று அரசு நீதிமன்றத்திலும் வைக்கப்பட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இந்த இரட்டைப் பிரதி முறை தேடுகிறவருக்குப் பெரிய வரம். ஒரு பிரதியில் மை ஊறிப் போயிருந்தால் மற்றதைப் பார்க்கலாம். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதும்போது விடுபட்ட பெயர்களும் இதனால் வெளிப்படும். ட்ரூவேன் நிறுவனம் 1940களில் நுண்படம் எடுத்த பதிவேடுகளையும், ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பங்குப் பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஒரு திருமணப் பதிவில் என்ன இருக்கும் என்பதை அறிந்தால், தம்பதியைத் தேடும் முறையின் வலிமை விளங்கும். மணமகன் பெயர், அவன் தந்தை பெயர், தாயின் பெயர் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரோடு, அவர்கள் வாழும் பங்கு, மணமகளுக்கும் இவையனைத்தும், பெற்றோர் இறந்திருந்தால் அக்குறிப்பு, திருமண அறிவிப்பான ஓலை ஆலயத்தில் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்ற விவரம், சாட்சிகளின் பெயர்களும் சில இடங்களில் அவர்களுடைய உறவு முறையும். ஆக, ஒரு திருமணத்தைக் கண்டுபிடித்தால் மேலும் இரண்டு தம்பதிகள் கிடைக்கிறார்கள். அவர்களுடைய திருமணங்களைக் கண்டுபிடித்தால் நான்கு தம்பதிகள் கிடைக்கிறார்கள். மணமக்களில் ஒருவர் கைம்பெண்ணாகவோ மனைவியை இழந்தவராகவோ இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. மறுமணப் பதிவில் பெரும்பாலும் பெற்றோர் பெயர் இராது. இறந்துபோன முந்தைய துணையின் பெயர் மட்டுமே இருக்கும். அப்போது முதல் திருமணத்தைத் தேடிச் சென்றால்தான் பெற்றோரை அடைய முடியும்.

இம்முறை கியூபெக்கில் இவ்வளவு சிறப்பாகப் பயன்படுவதற்கு அடிப்படை, பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் ஆவணங்களில் தங்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே வாழ்ந்தார்கள் என்பதுதான். பிள்ளையின் ஞானஸ்நானத்திலும், நிலப் பத்திரத்திலும், இறுதியில் தன் அடக்கப் பதிவிலும் அவள் தன் தந்தையின் பெயரைக் கொண்டவளாகவே எழுதப்பட்டாள். "இன்னாருடைய மனைவி" என்பது அதற்குப் பின்னால் வந்தது. 1981 முதல் கியூபெக் சட்டமே பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்தபோது பெற்ற பெயரில்தான் தங்கள் குடிமை உரிமைகளைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் கணவன் பெயருக்குள் மறைந்துபோன பாட்டிமார்கள், எல்லையைத் தாண்டியதும் தங்கள் சொந்தப் பெயரோடு எதிரே வந்து நின்றது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. தாய்வழியாக மட்டுமே பின்னோக்கிச் செல்வதும் இதனால் அங்கே எளிதாகிறது.

இனி, குடும்பப்பெயரின் சிக்கலுக்கு வருகிறேன். கமுராஸ்கா பகுதிப் பதிவேடுகளில் எங்கள் தெஷேன் குடும்பத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தடையின்றித் தொடர முடிந்தது. அதற்கு முன் அப்பெயரில் அந்தத் தம்பதி இல்லை. கணவனின் முதற்பெயரையும் மனைவியின் முழுப்பெயரையும் வைத்துத் தேடியபோது, அவர்கள் "மிவீல் தி தெஷேன்" என்ற பெயரில் இருந்தார்கள். அவர்களுடைய பெற்றோர் காலத்துப் பதிவுகளில் ஒரே மனிதர் ஞானஸ்நானத்தில் மிவீல் என்றும், திருமணத்தில் மிவீல் தி தெஷேன் என்றும், அடக்கத்தில் தெஷேன் என்றும் எழுதப்பட்டிருக்கிறார். குடும்பப்பெயரை மட்டும் நம்பியிருந்தால் மூன்று வெவ்வேறு மனிதர்களாகவே அவர் தோன்றியிருப்பார். மனைவியின் பெயர் மாறாமல் இருந்ததால்தான் மூவரும் ஒருவரே என்று நிறுவ முடிந்தது.

"தி" என்பதற்கு "எனப்படும்" என்று பொருள். நம் கிராமங்களில் ஒரே பெயருடைய இரு குடும்பங்களைப் பிரித்தறிய வீட்டுப்பெயரோ பட்டப்பெயரோ வழங்குவதைப் போன்றதே இது. வேறுபாடு என்னவென்றால், அங்கே அது அரசு ஆவணங்களிலும் ஆலயப் பதிவேடுகளிலும் ஏறி, பிள்ளைகளுக்கும் இறங்கி, சில தலைமுறைகளில் மூலப் பெயரையே வெளியேற்றியது. இதன் தோற்றுவாய்கள் பல. 1665இல் வந்த கரிஞ்ஞான்-சாலியேர் படைப்பிரிவில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் இருந்தார்கள். சுமார் 400 பேர் திரும்பிச் செல்லாமல் அங்கேயே குடியேறினார்கள். படைவீரர்களுக்குப் போர்ப்பெயர் சூட்டுவது பிரெஞ்சுப் படையின் வழக்கம். லஃப்ளேர், லவியோலெத், ஜோலிகேர், சான்சூசி, லலிபேர்த்தே, வத்போன்கேர் என்று மலரின் பெயராலும் மனத்தின் இயல்பாலும் அமைந்த குடும்பப்பெயர்கள் பலவும் இவ்வழியே வந்தவை. வேறு சிலருக்கு ஊரே அடையாளமானது: ஆஞ்சூவிலிருந்து வந்தவர் லாஞ்ச்வேன், பிக்கார்தியிலிருந்து வந்தவர் பிக்கார். கியூபெக் நகரின் புகழ்பெற்ற ஆபிரகாம் சமவெளி யாருடைய பெயரைத் தாங்குகிறதோ, அந்த ஆபிரகாம் மார்த்தேனும் ஆவணங்களில் "ஸ்காட்லாந்துக்காரர் எனப்படும்" என்ற அடையோடுதான் காணப்படுகிறார். நிலத்தின் பெயர், தாயின் குடும்பப்பெயர், தந்தையின் முதற்பெயர் ஆகியவையும் இவ்வாறு ஒட்டிக்கொண்டன.

ஒரே தகப்பனின் பிள்ளைகள் வெவ்வேறு "தி" பெயர்களைக் கொண்டு தனித்தனிக் குடும்பங்களாகக் கிளைத்ததும் உண்டு. ரிவார் குடும்பத்திலிருந்து லவீஞ், லனுவெத் போன்ற பெயர்கள் பிரிந்தன. பெப்பேன் குடும்பத்தின் ஒரு கிளை லஷான்ஸ் ஆனது. காஞ்ஞே குடும்பத்தின் ஒரு கிளை பெல்லவான்ஸ் ஆனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். அண்ணன் மூலப் பெயரையும் தம்பி அடைபெயரையும் வைத்துக்கொண்ட வீடுகள் உண்டு. சிலர் இரண்டையும் இன்றுவரை விடவில்லை: கனடிய செனட் உறுப்பினரான ஜூலி மிவீல்-தெஷேன் அதற்குச் சான்று. எனவே ஒரு குடும்பப்பெயர் ஏதேனும் ஒரு தலைமுறையில் காணாமற்போனால், அப்பெயரோடு இணைத்து வழங்கப்பட்ட மற்றப் பெயர்களின் பட்டியலை உடனே பார்க்க வேண்டும். இத்தகைய பட்டியல்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன.

முதற்பெயர்களின் வழக்கமும் புதியவர்களைத் திகைக்க வைக்கும். குறிப்பாக 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், ஆண் குழந்தைகள் எல்லாருக்கும் ஜோசெஃப் என்றும் பெண் குழந்தைகள் எல்லாருக்கும் மரி என்றும் முன்பெயர் வைத்தார்கள். அதற்கடுத்து ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாயின் பெயரும், பெரும்பாலும் கடைசியாக வீட்டில் அழைக்கும் பெயரும் வரும். பிரதமராக இருந்த ழான் கிரெத்தியேனின் முழுப்பெயர் ஜோசெஃப் ழாக் ழான் கிரெத்தியேன். ஹாக்கி வீரர் மோரிஸ் ரிஷாரின் முழுப்பெயர் ஜோசெஃப் ஆன்ரி மோரிஸ் ரிஷார். நம் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு மரியும், ஜோசெஃபின் தமிழ் வடிவமான சூசையும் பழகிய பெயர்கள் என்பதால் இது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஆனால் ஒரே வீட்டில் ஆறு மரிகளின் ஞானஸ்நானப் பதிவுகளைக் கண்டு, என் கணவர் ஒரே குழந்தை ஆறு முறை பதிவு செய்யப்பட்டதோ என்று ஐயுற்றார். கடைசிப் பெயர்களை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்டால் குடும்பம் தெளிவாகிவிடும். பிள்ளை இறந்துபோனால் அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பதும் பரவலாக இருந்தது. எனவே ஒரு ஞானஸ்நானப் பதிவைக் கண்டதும் இவர்தான் நம் முன்னோர் என்று முடிவு கட்டாமல், அப்பெயரில் ஓர் அடக்கப் பதிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இந்தத் தேடலில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி, உறவுத் திருமணங்களுக்குத் திருச்சபை வழங்கிய விலக்குகளைப் பற்றியது. அக்காலத் திருச்சபைச் சட்டப்படி பொது மூதாதையிடமிருந்து நான்காம் படி வரை உறவுடையவர்கள் விலக்குப் பெறாமல் மணக்க முடியாது. உடன்பிறந்தோரின் பிள்ளைகள் இரண்டாம் படி உறவினர். பூட்டன் பூட்டியைப் பொதுவாக உடையவர்கள் மூன்றாம் படி. அதற்கு மேல் ஒரு தலைமுறை போனால் நான்காம் படி. முறைப்பெண்ணை மணப்பது இயல்பான நம் நாட்டில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இந்த விலக்கைக் கேட்டுப் பெற்ற செய்திகளை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆற்றங்கரைப் பங்குகளில் சில குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகத் தமக்குள் மணம் செய்துகொண்டதால், கமுராஸ்காவிலும் இத்தகைய விலக்குகள் மிகுதி. குரு அதைத் திருமணப் பதிவிலேயே படியைக் குறிப்பிட்டு எழுதினார்.

எங்கள் வழியில் ஒரு மணமகளின் தந்தை பெயரில், அதே பகுதியில், ஏறக்குறைய ஒரே வயதுடைய இருவர் இருந்தார்கள். துரதிர்ஷ்டவசமாக அவர்களுடைய மனைவியர் இருவருக்கும் ஒரே குடும்பப்பெயர். தம்பதியைத் தேடும் முறைகூட இங்கே போதவில்லை. திருமணப் பதிவில் மணமக்களுக்கு மூன்றாம் படி உறவுக்கு விலக்கு அளிக்கப்பட்டதாக எழுதியிருந்தது. இரண்டு தந்தையரின் முன்னோர்களையும் தனித்தனியே மூன்று தலைமுறை மேலே எழுதிப் பார்த்தபோது, ஒருவர் வழியில் மட்டுமே மணமகனுக்கும் மணமகளுக்கும் பொதுவான பூட்டன் பூட்டி கிடைத்தார்கள். மற்றவர் வழியில் அத்தகைய உறவே இல்லை. அந்த விலக்குக் குறிப்பு ஒரு சிக்கலை முற்றிலும் தீர்த்தது. திருமணப் பதிவுகளைப் படியெடுத்த அட்டவணைகளில் இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன என்பதால், மூலப் பதிவின் படத்தைக் கட்டாயம் திறந்து படிக்க வேண்டும் என்று எல்லாரிடமும் வலியுறுத்துகிறேன்.

திருமணப் பதிவு கிடைக்காத இடங்களில் நோட்டரிகளின் ஆவணங்கள் கைகொடுக்கின்றன. பிரெஞ்சு-கனடியர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தாலும் நோட்டரியிடம் போவதில் தயக்கம் காட்டியதில்லை. திருமண ஒப்பந்தம், பிள்ளைகளுக்கு நிலத்தை எழுதிக்கொடுத்துத் தங்கள் முதுமைக்கான உணவையும் விறகையும் நிபந்தனையாக்கிய பத்திரம், இறந்தவரின் சொத்துப் பட்டியல் எனப் பலவும் கியூபெக் தேசிய நூலக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சொத்துப் பட்டியலில் வாரிசுகள் அனைவரும், மகள்களின் கணவர்கள் உட்பட, பெயரிடப்படுவார்கள். ஆனால் கையெழுத்து கடினமானது, பொறுமை வேண்டும்.

அச்சிட்ட அகராதிகளையும் தரவுத்தளங்களையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிப்ரியேன் தங்கே என்ற குரு 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட குடும்ப வரலாற்று அகராதி ஒரு தனி மனித உழைப்பின் சிகரம். எனினும் அதில் பிழைகள் உண்டு, அவற்றைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். 1966இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்று ஆய்வுத் திட்டம் 1800க்கு முந்தைய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் அனைத்தையும் குடும்பம் குடும்பமாகக் கோத்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுக்குள் நுழைந்த பிறகு என் வேலை விரைவானது இதனால்தான். மாறாக, இணையத்தில் பிறர் கட்டி ஏற்றிய குடும்ப மரங்களை நான் ஒருபோதும் சான்றாகக் கொள்ளவில்லை. எங்கே தேடலாம் என்ற குறிப்பாக மட்டும் பயன்படுத்தினேன்.

எங்கள் வழி இறுதியில் பியேர் மிவீலிடம் சென்று சேர்ந்தது. ஸ்விட்சர்லாந்தின் ஃபிரிபூர்க்கைச் சேர்ந்த அவர், 1649இல் குடும்பத்தோடு கியூபெக்கில் குடியேறினார். அவருக்கும் "ஸ்விஸ்காரர்" என்ற அடைபெயர் இருந்தது. அவர் மகன் ழாக் மிவீல்தான் தெஷேன் என்ற பெயருக்குத் தொடக்கம். ழாக் 1669இல் கத்தரீன் தெ பையோன் என்ற பெண்ணை மணந்தார். 1663 முதல் 1673 வரை மன்னர் பதினான்காம் லூயியின் செலவில், வட அமெரிக்காவில் பிரான்சின் குடியேற்றமாக இருந்த புதிய பிரான்சுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 800 பெண்களில் அவரும் ஒருவர். கணவன் மனைவி இருவரும் 1688 ஜனவரியில் கமுராஸ்கா பகுதியிலுள்ள ரிவியேர்-உவெல்லில் இறந்தார்கள். கத்தரீனின் முன்னோர் வழியை 1990களில் நான்கு ஆய்வாளர்கள் ஆவணச் சான்றுகளோடு பேரரசர் சார்லமேன் வரை நிறுவினார்கள். இச்செய்தியைக் கேட்டதும் குடும்பத்தின் இளையவர்கள் பெரிதும் கிளர்ச்சியடைந்தார்கள். கத்தரீனுக்கு இன்று பல்லாயிரம் வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள் என்பதையும், கியூபெக்கில் ஆழமான வேர் உடைய எவருக்கும் இத்தகைய மூதாதை கிடைப்பது இயல்பே என்பதையும் அவர்களுக்கு விளக்கினேன். தச்சராக வந்த சக்காரி குளுத்தியேருக்கு மட்டும் 1800ஆம் ஆண்டுக்குள் மணமான வழித்தோன்றல்கள் 10,850 பேர் இருந்ததாக அந்த மாண்ட்ரியல் ஆய்வுத் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. அவரும் எங்கள் மரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வருகிறார்.

மாமியாருக்காக நான் தயாரித்த கோப்பில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். பக்கத்தின் தலைப்பில் தம்பதியின் இரு பெயர்களும் சமமான எழுத்தில் இருக்கும். அவற்றின் கீழே, எந்த ஆண்டில், எந்தப் பங்கில், எந்த வகைப் பதிவில் அவர்களுடைய பெயர்கள் எவ்வாறு எழுதப்பட்டிருந்தன என்பதைத் திருத்தாமல் அப்படியே குறித்திருக்கிறேன். விலக்குக் குறிப்பு இருந்தால் அதன் படியும், சாட்சிகளின் உறவும் அடுத்த வரியில் இடம்பெறும். ஆண்வழி முடிந்துவிட்டதால், இப்போது மாமியாரிடமிருந்து தாய், தாயின் தாய் என்று மேலே செல்லும் வழியைத் தொடங்கியிருக்கிறேன். அதில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மறுமணம் செய்துகொண்ட ஒரு கைம்பெண் நிற்கிறார். அவருடைய முதல் திருமணத்தை ரிவியேர்-உவெல் பதிவேட்டின் நீதிமன்றப் பிரதியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.